ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி நீங்கள் இங்கே இல்லை

காரைக்கால்,
14.11.2024, வியாழன் இரவு

சிஸ்டர் அத்தைக்கு உங்கள் அண்ணன் மகள் ஆக்சிலியாவின் தோத்திரம்.

நீங்களும் மடத்தில் மற்ற சிஸ்டர்களும் நலமா? அங்கே குளிர் தொடங்கியிருக்கும். போன வருடம் முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறது? இங்கே நான்கு நாளாக மழை விடவில்லை. கடலுக்கு யாரும் போகவில்லை. ஐஸ் வாங்க ஆளில்லாமல் கட்டிகள் தொட்டியிலேயே கிடக்கின்றன.

இந்தக் கடிதம் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் எங்களுக்கு இருப்பது ஒரு அறை, ஒரு போன். உங்கள் மடத்துப் போனும் எல்லோருக்கும் பொது. அதோடு இது எழுத்தில் வர வேண்டிய விஷயம் என்று வக்கீல் சொன்னார். வக்கீல் என்றதும் பயந்துவிடாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வருகிறது.

தாத்தா தொடங்கிய நம் ஐஸ் கம்பெனியில் மொத்தம் ஆயிரம் பங்கு. பெரியப்பாவுக்கு ஐந்நூறு, அப்பாவுக்கு நானூறு, பெரியம்மாவுக்குத் தொண்ணூறு. மீதிப் பத்து உங்களுடையது. நீங்கள் மடத்துக்குப் போன வருடம், மகள் பெயரும் இதில் இருக்கட்டும் என்று தாத்தா எழுதியதாக அப்பா சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம் முன்பு அப்பா இறந்ததும் அந்த நானூறு அம்மா பெயருக்கு மாறியது. கம்பெனியைப் பெரியப்பாதான் நடத்துகிறார். மாதாமாதம் எங்கள் செலவுக்குக் கொடுக்கிறார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பணம் கட்டுவதும் அவர்தான். கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் இந்த வீட்டில் இருக்கிறோம். பெரியப்பா கெட்டவர் என்று நான் எழுத வரவில்லை அத்தை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

செப்டம்பரில் எனக்குக் கல்லூரிக் கடன் பற்றி விசாரிக்க, அம்மா பெயரில் எத்தனை பங்கு இருக்கிறது என்று ஒரு தாள் தேவைப்பட்டது. கணக்குப்பிள்ளை மன்சூர் அலி மாமாவிடம் அம்மா கேட்டார். மாமா பதிவேட்டை எடுத்துப் பிரித்தார், ஒரு நிமிடம் பார்த்தார், மூடிவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, வாயால கேட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. எழுத்துல கேளுங்க. பக்கத்துக்குப் பத்து ரூபா கட்டுங்க. பங்குதாரர் கேட்டா கூட்டத்து நோட்டு நகலைக் குடுத்தே ஆகணும், குடுக்கலன்னாதான் தப்பு" என்றார். உங்களை வேலையை விட்டு எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அம்மா பயந்து கேட்டதற்கு, "எடுக்கட்டுமே, எந்த பில்லு எந்த பீரோவுல இருக்குன்னு தேடியே மொதலாளிக்கு ஆயுசு முடிஞ்சிடும்" என்று சிரித்தார்.

அம்மா முப்பது ரூபாய் கட்டினார். மூன்று பக்கம் வந்தது.

அதில் இருப்பது இதுதான். இந்த வருடம் ஏப்ரல் 25ஆம் தேதி காலை பதினோரு மணிக்குக் கம்பெனி அலுவலகத்தில் பங்குதாரர் கூட்டம் நடந்ததாம். புது கம்ப்ரஸர் வாங்கப் பணம் வேண்டும் என்று ஒன்பதாயிரம் புதுப் பங்கு போட்டார்களாம். அம்மா தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதனால் ஒன்பதாயிரமும் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் போனதாம். ஆயிரத்தில் நானூறாக இருந்தது இப்போது பத்தாயிரத்தில் நானூறு. நூற்றுக்கு நாற்பது நூற்றுக்கு நாலாகிவிட்டது. ஒரு பங்குகூட யாரும் திருடவில்லை. எண்ணிப் பார்த்தால் நானூறும் அப்படியே இருக்கிறது. எனக்கு அதைப் புரிந்துகொள்ளவே இரண்டு நாள் ஆனது.

புது கம்ப்ரஸர் வரவில்லை. பழையதுதான் இப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருக்கிறது.

அம்மா வேண்டாம் என்று எழுதிய கடிதத்தின் நகலும் கிடைத்தது. எழுத்து டைப் அடித்தது. கீழே இருக்கும் கையெழுத்து அம்மாவுடையதேதான். அது எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புது வருடப் பூசை முடிந்து எல்லோரும் பெரியப்பா வீட்டுக்குப் போய், கேக் வெட்டுவதற்கு முன்பு வருஷக் கையெழுத்துப் போடுவோம் இல்லையா? வருடத்தின் முதல் கையெழுத்து கம்பெனிக்குத்தான் என்று தாத்தா வைத்த வழக்கம். வெறும் தாள்கள். ஆடிட்டர் பிறகு நிரப்பிக்கொள்வார். பெரியம்மா முதல் நாளே பென்சிலால் சிலுவைக்குறி போட்டு வைத்திருப்பார். பூசை வைத்த சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்த தாளில், அது என்ன தாள் என்று யார் கேட்பார்கள்? அப்பாவும் கேட்டதில்லை. இந்த வருடம் அம்மா ஐந்து தாளில் போட்டார்.

அம்மாவை டவுனில் பஹீமா என்ற வக்கீலிடம் அழைத்துப் போனேன். என்னோடு படிக்கும் காவ்யாதான் சொன்னாள், அவள் அப்பாவின் நெரவி நில வழக்கைப் பார்த்தவராம். சின்ன வயதுதான், வேகமாகப் பேசுகிறார். மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு, "பெரிய கம்பெனின்னா புடிக்கலன்னா பங்கை வித்துட்டுப் போயிடலாம்மா. உங்க ஐஸ் கம்பெனி பங்கைத் தெருவுல வெச்சுக் கூவினாலும் யாரும் வாங்க மாட்டாங்க. உங்க மூத்தார் ஒருத்தர்தான் வாங்குவாரு, அவர் சொல்ற வெலைக்கு. இப்புடி மாட்டிக்கிட்டவங்களுக்காகத்தான் சட்டத்துல தனியா எழுதியிருக்கு" என்றார். நூற்றுக்குப் பத்தாவது இருந்தால்தான் வழக்குப் போட முடியும் என்று யாரோ பெரியப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் நாலுக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்பது அவருடைய ஊகம். ஆனால் சட்டம் ஆள் கணக்கும் பார்க்குமாம். பங்குதாரர்களில் பத்தில் ஒரு பங்கு ஆள் போதுமாம். நம் கம்பெனியில் மொத்தமே நாலு பேர். அம்மா ஒருவரே சென்னையில் இருக்கும் கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவர்கள் புதுப் பங்கை ரத்து செய்யலாம், அல்லது அப்பாவின் நூற்றுக்கு நாற்பதுக்கும் நியாயமான விலை போட்டுக் கொடுக்கச் சொல்லலாம்.

ஆனால் அம்மாவின் கையெழுத்து உண்மையானது. வெறும் தாளில் போட்டேன் என்று அம்மா சொன்னால், போடாமல் இருந்திருக்க வேண்டியதுதானே என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கூட்டமே நடக்கவில்லை என்று காட்ட வேறு ஏதாவது இருக்கிறதா என்று பஹீமா அக்கா கேட்டார். அப்போதுதான் முதல் பக்கத்தில் வந்திருந்தவர்கள் பெயரைப் பார்த்தேன். சவரிநாதன், அது பெரியப்பா. செல்வம்மாள், பெரியம்மா. அருட்சகோதரி பெர்னதெத், அதாவது நீங்கள்.

அத்தை, அன்றைக்கு உங்கள் துறவற வார்த்தைப்பாட்டு வெள்ளிவிழா. அவ்வளவு தூரத்தில் உங்கள் மடத்தில், நீங்கள் கழுத்தில் செவந்தி மாலையோடு, ஆதிவாசிப் பிள்ளைகள் நடுவில் நின்ற படம் அன்று மத்தியானமே அம்மா போனுக்கு வந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அன்று இங்கே அலுவலகமே திறக்கவில்லை.

படம் போதாதாம். நீங்களே சொல்ல வேண்டுமாம். அக்கா இதைச் சொன்னதுமே அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சிஸ்டர இதுல இழுக்கக் கூடாதுங்க. உலகமே வேணாம்னு போனவங்க. கூடப்பொறந்த அண்ணனுக்கு எதிரா அவங்கள எழுதச் சொல்லுவனா?" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா வேறு மாதிரி ஆகிவிட்டார். சாப்பாட்டை எனக்குப் போட்டுவிட்டு, தன் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். எட்டு மணிக்கே படுத்துவிடுகிறார். காலையில் எழுந்தால் தூங்காத முகம். "அசதியா இருக்குடி. படுத்தாலும் போக மாட்டேங்குது" என்கிறார்.

நகல் வாங்கியது பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்கிக்கொண்டு வந்தார். "ஏண்டி ஆக்சி, ப்ளஸ் டூவுல கம்பெனிச் சட்டமெல்லாம் வருதாமே, பெரியப்பனுக்கு ட்யூஷன் எடுக்குறியா?" என்று என் தலையில் தட்டினார். பிறகு அம்மாவிடம், "தாயும் மகளும் இந்த அமோனியா நாத்தத்துல எதுக்குக் கெடக்கணும்? தலத்தெருவுல சின்ன வீடு ஒண்ணு ஒத்திக்குப் பாத்து வெச்சிருக்கேன். இது காலேஜ் முடிக்கிற வரைக்கும் செலவு என்னுது. அந்த நானூறையும் எம் பேருக்கு மாத்திக் குடுத்துடு, நமக்குள்ள ஒண்ணும் வேணாம்" என்றார். போகும்போது வாசலில் நின்று, இந்த வீடு கம்பெனி பெயரில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

டிசம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை, மாதா திருநாள் பூசை முடிந்ததும், பங்கு மாற்றும் படிவத்தைக் கொண்டுவருகிறார். அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார். எனக்கு நன்றாகத் தெரியும். போட்டால் அம்மா பங்குதாரர் இல்லை. பங்குதாரர் இல்லாதவர் தீர்ப்பாயத்தில் போய் நிற்க முடியாது. அதோடு எல்லாம் முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. புது வருடத்தன்று அம்மா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். பென்சில் குறி அவருக்குத் தெரியவில்லை. நான்தான் பக்கத்தில் நின்று, இங்கே போடும்மா, இங்கே போடும்மா என்று விரல் வைத்துக் காட்டினேன். ஐந்து இடத்திலும். சீக்கிரம் கேக் வெட்ட வேண்டும் என்று அவசரம் எனக்கு.

அத்தை, ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். ஏப்ரல் 25ஆம் தேதி நான் என் மடத்தில் இருந்தேன், காரைக்காலில் இல்லை என்று மட்டும். பெரியப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். எங்கள் தபால்காரர் எல்லாத் தபாலையும் கம்பெனி அலுவலகத்தில்தான் கொடுப்பார். அதனால் காவ்யாவின் நெரவி முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதையும் அவள்தான் தபாலில் சேர்க்கிறாள்.

தப்பாக எழுதியிருந்தால் சின்னப் பிள்ளை என்று மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஆக்சிலியா


காரைக்கால்,
10.12.2024, செவ்வாய் இரவு

சிஸ்டர் அத்தைக்கு, ஆக்சிலியா தோத்திரம் சொல்லி எழுதுவது.

உங்கள் உறை வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. காவ்யா அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். உங்கள் கடிதம், நோட்டரி முன்பு நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள், மடத்து நாட்குறிப்பில் வெள்ளிவிழா அன்று எழுதிய பக்கத்தின் நகல், மூன்றும் இருந்தன. மதரிடம் அனுமதி கேட்டு, ஜீப்பில் இரண்டு மணி நேரம் போய்த்தான் நோட்டரியைப் பார்த்தீர்கள் என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த முழங்காலோடு.

கடிதத்தைப் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். ஏப்ரலில் பெரியப்பா உங்களுக்குப் போன் செய்து, மடத்துக்குப் போகும் முன்பு இருந்த வீட்டுப் பெயரைச் சொல்லி, "தெரசு, கம்பெனில ஒரு கூட்டம். நீயும் வந்ததா எழுதிக்கிறேன், குடும்பமே சேந்து செஞ்ச மாதிரி இருக்கட்டும்" என்று கேட்டதையும், விழா வேலையில் நீங்கள் "ஒங்க இஷ்டம்ண்ணே" என்று சொல்லிவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது அத்தை. பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிறகு நோட்டரி தாளைப் படித்தேன். அதிலும் அதை மறைக்காமல் எழுதியிருந்தீர்கள். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கோபம் போய்விட்டது. நான் கேக்குக்காக அவசரப்பட்டதும் நினைவுக்கு வந்தது.

அம்மாவிடம் கொடுக்கத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை சாயந்திரம்தான் கொடுத்தேன். முதலில் முதுகில் ஒன்று விழுந்தது. "அவங்களத் தொந்தரவு பண்ணாதன்னு சொன்னனா இல்லியா?" என்று கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேருமே எழுந்து போகவில்லை. கடைசியில் அம்மா, "சிஸ்டர் தன் தப்பையும் சேத்து எழுதியிருக்காங்களே" என்றார்.

விடியும் வரை அம்மா என்ன முடிவு செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. பூசைக்குப் போய் வந்தோம். பத்தரை மணிக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியம்மா கையில் ஒரு டப்பா நிறைய பிரியாணி. பெரியப்பா படிவத்தை மேஜையில் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியையும் கழற்றிக் கொடுத்தார். அம்மா பேனாவை வாங்கவில்லை. "நான் போடலிங்க" என்றார். பெரியப்பா சிரித்தார். "நல்ல நேரம் பாக்குறியா? நாம வேதக்காரங்க, நமக்கு எல்லா நேரமும் நல்ல நேரந்தான்" என்றார். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்க வூட்டுக்காரர் போனப்புறம் ஒங்களுக்கு என்ன கொறை வெச்சாங்களாம்? பள்ளிக்கொடத்துப் புள்ள பேச்சக் கேட்டு ஆடுறீங்க" என்றார். அம்மா உங்கள் தாளின் நகலை எடுத்துப் பெரியப்பா முன்னால் வைத்தார்.

அவர் நின்றபடியே படித்தார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். முடித்த பிறகும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரசுவா எழுதுனா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலா?" என்றார் பெரியப்பா. தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் கொடுத்தபோது என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரியம்மா ஏதோ பேச வாயெடுத்தார். "செல்வம், வா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படிவம் மேஜையிலேயே கிடந்தது. பிரியாணி டப்பாவும். நாங்கள் அதைத் திறக்கவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை. கடைசியில் கம்பெனிக் காவல்காரரிடம் கொடுத்தேன்.

பஹீமா அக்கா மனுவை எழுதிவிட்டார். உங்கள் தாளைப் படித்துவிட்டு, "தன் பேர்ல உள்ள தப்பையும் சொல்றவங்க சாட்சியைத்தான் நம்புவாங்க. நீங்க கவலப்படாதீங்க" என்றார். நீங்கள் சரி என்று சொல்லியிருந்தாலும், வராதவர் வந்ததாக எழுதியது எழுதியதுதானாம். முடிவு வரும் வரை யார் பங்கையும் மாற்றக் கூடாது, எங்களை இந்த வீட்டிலிருந்து எழுப்பக் கூடாது என்று முதலில் கேட்கப் போகிறார்களாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, வருடக்கணக்கில் இழுத்தாலும் இழுக்கும் என்றும் சொன்னார். வியாழக்கிழமை அம்மா அவரோடு சென்னைக்குப் போகிறார். நல்ல சேலை ஒன்றைத் தேய்த்து வைத்திருக்கிறார். அசதி போகவில்லை அத்தை. ஆனால் நேற்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

எனக்கு அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது. நாளைக்குக் கணக்குப்பதிவியல். படித்தது எதுவும் மனதில் நிற்கவில்லை. கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் இரண்டு நாளாக என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். மன்சூர் அலி மாமா மட்டும், "பரீட்ச எப்படிம்மா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டார். இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கம்பெனிக்கு வரவில்லை. இருட்டிய பிறகும் வீட்டில் வாசல் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாராம், மன்சூர் அலி மாமா சொன்னார். அப்பா இருந்திருந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அம்மா போக முடியாது. நானும் போக முடியாது. நாங்கள் போனால் வேறு அர்த்தம் ஆகிவிடும்.

அதனால் உங்களிடம் இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் உங்களுக்குப் போன் செய்தால் தயவுசெய்து எடுங்கள். திட்டினாலும் வைத்துவிடாதீர்கள். ஒன்றும் பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதீர்கள். அவராகச் செய்யாவிட்டால், மதரிடம் கேட்டு நீங்களே ஒரு தடவை கூப்பிடுங்கள். உங்களைத் தெரசு என்று கூப்பிட இப்போது அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

ஆண்டவர் உங்கள் முழங்காலையும் உங்கள் மனதையும் காப்பாராக.

உங்கள் அண்ணன்மார் இருவருக்கும் மகளான
ஆக்சிலியா